எட்டு கிண்ணமும் ஒரு அப்பாவும்!

'ச்சலங்!'

சமையலறையிலிருந்து இந்தச் சத்தம் வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு விநாடி யாரும் பேச மாட்டோம். விழுந்தது நம்ம விக்கெட்டா, எதிரணி விக்கெட்டா என்று தெரியாத மாதிரி ஒரு மௌனம். அப்புறம் மனைவியின் குரல் வரும்.

"ஒண்ணுமில்லீங்க... கிண்ணம்தான்!"

'கிண்ணம்தான்' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! போன தீபாவளித் தள்ளுபடியில், ஆபீஸ் லஞ்ச் நேரத்தில், செல்போனைத் தேய்த்துத் தேய்த்து நான் வாங்கியது. ஆறு கிண்ணம் 360 ரூபாய். மஞ்சள் பூ, பச்சை இலை, விளிம்பில் தங்கக் கோடு. படத்தில் பார்த்தால் மகாராஜா பாயசம் குடிக்கிற கிண்ணம் மாதிரி இருந்தது. வந்த அன்றைக்கே ஒன்று அட்டைப் பெட்டிக்குள்ளேயே சிவலோகப் பதவி அடைந்திருந்தது. இரண்டாவதை என் பையன் கிரிக்கெட் பந்தால் அவுட்டாக்கினான்.

மூன்றாவது உடைந்தது, அப்பா கையில்.

அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அப்பாவுக்கு எழுபத்து நாலு வயசு. ஊரில் கூட்டுறவு பண்டகசாலையில் முப்பத்து மூன்று வருஷம் கணக்கர். பேரேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. அப்படி ஒரு கையெழுத்து. அம்மா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். அந்தக் கைக்கு இப்போது நடுக்கம். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். காலையில் பரவாயில்லை. ராத்திரி ஆக ஆக நடுக்கம் கூடும். ராத்திரி அவருக்குக் குழைத்த ரசம் சாதம், இல்லையென்றால் கஞ்சி. எவர்சில்வர் கிண்ணத்தில் கொடுத்தால் சூடு கையைச் சுடும். சுட்டால் நடுக்கம் இன்னும் அதிகமாகும். அதனால்தான் பீங்கானுக்கு மாறினோம்.

அன்றைக்குக் கிண்ணம் நழுவி, ரசம் தரையெல்லாம் ஓடி, அப்பா எழுந்து நின்றார். என்னமோ பண்டகசாலை கல்லாவில் பணம் குறைந்துவிட்ட மாதிரி அப்படி ஒரு முகம். "விடுங்க மாமா, ஒண்ணும் ஆகலே" என்று என் மனைவி துடைத்துவிட்டாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் ராத்திரி ஏழு மணிக்கே அப்பா சமையலறைக்கு வந்தார். கையில் ஒரு நீல பிளாஸ்டிக் கிண்ணம். எப்போதோ சோப்புத் தூளுக்கு இலவசமாக வந்தது. "இனிமே எனக்கு இதுல போட்டுடும்மா. இதுவே போதும்." வாங்கிக்கொண்டு தன் ரூமுக்குப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டார். எட்டரைக்கு நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். அப்படியே பத்து நாள் ஓடிவிட்டது.

பதினோராவது நாள், பையன் அந்த நீலக் கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, அலமாரியில் பத்திரமாக வைத்தான். சத்தியமாகச் சொல்கிறேன் சார், எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. உங்கள் பாட்டியும் அந்தக் கதையைச் சொல்லியிருப்பாள். கிழவனுக்கு மண்சட்டியில் சோறு போட்ட மகன்... அந்தச் சட்டியை 'அப்பாவுக்கு வேணுமே' என்று எடுத்து வைத்த பேரன்...

சனிக்கிழமை மதியம், ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராகப் பாரிமுனைக்கு வண்டியை விட்டேன்.

அண்ணாச்சி காலேஜ்

பாரிமுனைக்குப் பின்னால் ஒரு சந்தில், ஓட்டல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிற கடை. ஆளுயரத்துக்கு வைக்கோலும் அட்டைப் பெட்டியும். நடுவில் அண்ணாச்சி.

"வாங்க தம்பி, என்ன வேணும்?"

"தினம் புழங்கற மாதிரி, உடையாத பீங்கான் கிண்ணம்."

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "உடையாத பீங்கான் வேணும்னா ரெண்டு கடை தள்ளி எவர்சில்வர் விக்கான், அங்க போங்க. சீக்கிரம் உடையாத பீங்கான் வேணும்னா உக்காருங்க."

உட்கார்ந்தேன். காலேஜில் மூன்று வருஷம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைவிட, அந்த ஒன்றரை மணி நேரத்தில் அதிகம் கற்றுக்கொண்டேன்.

வெள்ளையாய் இருப்பதெல்லாம் பீங்கான் இல்லை

கடையில் 'பீங்கான்' என்று விற்பதில் நாலைந்து ஜாதி இருக்கிறது.

முதலாவது, சுட்ட மண். ஏறக்குறைய 1000-லிருந்து 1150 டிகிரி சூட்டில் சுட்டு, மேலே வழவழவென்று ஒரு பூச்சு கொடுத்துவிடுவார்கள். பார்க்க ஜோர்! ஆனால், உள்ளே கடற்பஞ்சு மாதிரி நுண்ணிய துளைகள். பூச்சில் ஒரு இடம் விட்டால் போதும், தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். மண் கொஞ்சம் கொஞ்சமாக உப்பும். மேல் பூச்சு சிலந்தி வலை மாதிரி வெடிக்கும். அந்த வெடிப்பில் சாம்பார் இறங்கும். பழுப்புக் கறை, ஒரு வாடை... எங்கள் 360 ரூபாய் மகாராஜா இந்த ஜாதி.

இரண்டாவது, நம்ம ஊறுகாய் ஜாடி ஜாதி. 1200 டிகிரிக்கு மேல் சுட்டது. கெட்டி. தண்ணீர் அவ்வளவாகக் குடிக்காது. பாட்டி காலத்து மாவடு ஜாடி இன்னும் பரணில் உட்கார்ந்திருக்கிறதே, அதன் ரகசியம் இதுதான்.

மூன்றாவதுதான் அசல் பீங்கான். வெள்ளைக் களிமண், ஃபெல்ஸ்பார் என்கிற கல், படிகக்கல் மூன்றையும் பொடித்துக் கலந்து, 1250-லிருந்து 1400 டிகிரி வரை சுடுவார்கள். அந்தச் சூட்டில் ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடி மாதிரி ஓடி, எல்லா இடுக்கையும் அடைத்துவிடும். நூறு கிராம் பீங்கான் அரை கிராம் தண்ணீர்கூடக் குடிக்காது. அதுதான் அதன் பலம்.

இந்தக் களிமண்ணுக்கு 'கயோலின்' என்று பெயர் வந்ததே சீனாவில் ஜிங்டசென் ஊருக்குப் பக்கத்தில் உள்ள காவ்லிங் குன்றிலிருந்துதான். சீனாக்காரர்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேல் தொழில் ரகசியமாக வைத்திருந்ததை, ஐரோப்பாவில் ஜெர்மனிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்து, 1710-ல் மைசன் என்ற ஊரில் தொழிற்சாலை போட்டார்கள்.

நம் பக்கமும் சும்மா இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் மண்ணைத் தோண்டினால் சீனப் பீங்கான் ஓடு ஓடாகக் கிடைத்திருக்கிறது. கப்பலில் வந்த சரக்கு. 1998-ல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவுக்குப் பக்கத்தில், கடலுக்கடியில் ஒரு பழைய கப்பல் அகப்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் முழுகியது. உள்ளே பல்லாயிரக்கணக்கில் சீனக் கிண்ணங்கள்! பெரிய பெரிய ஜாடிகளுக்குள் அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஏராளமானவை முழுசாகவே கிடைத்தன. அந்தக் கிண்ணங்கள் நம்ம ஜாடி ஜாதிதான். கப்பல் முழுகி ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலே தாங்கியது. என் கிண்ணம் கூரியர் வண்டியில் நாலு நாள் தாங்கவில்லை!

நாலாவதாக ஒன்று 'ஓப்பல்வேர்' என்று பளபளவென்று இருக்கும். அது பீங்கானே இல்லை, கண்ணாடி. லேசு, கெட்டி, நல்ல சாமான்தான். ஆனால், உடைகிற அன்றைக்குச் சில்லுச் சில்லாக வீடு முழுக்கத் தெறிக்கும். ஐந்தாவது, மெலமைன். அது பிளாஸ்டிக் வம்சம். கீழே போட்டாலும் உடையாது. ஆனால், மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக் கூடாது. நாளானால் கீறல் விழுந்து கறையேறும்.

"அண்ணாச்சி, எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

தட்டு, தூக்கு, தடவு!

*தட்டு:* கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து விளிம்பில் நகத்தால் சுண்டுங்கள். 'ணங்ங்...' என்று இழுத்தால் நல்ல பீங்கான். 'டொக்' என்றால் ஒன்று சுட்ட மண், இல்லை, கண்ணுக்குத் தெரியாத விரிசல். ஆறு வாங்கினால் ஆறையும் சுண்ட வேண்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் பாடச் சொல்லவில்லையா, அந்த மாதிரிதான்!

*தூக்கு:* வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, பின்பக்கம் விரலை ஆட்டுங்கள். மெல்லிய அசல் பீங்கானில் விரல் நிழலாடும். கனமான ஓட்டல் ரகத்தில் தெரியாது. அதனால் அது மட்டம் என்று அர்த்தமில்லை. அதற்கு அடுத்த சோதனை.

*கவிழ்:* கிண்ணத்தின் அடியில் ஒரு வளையம் இருக்கும். அங்கே பூச்சு இருக்காது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு அப்படியே முத்து மாதிரி நின்றால் பீங்கான். ஐந்து நிமிஷத்தில் உறிஞ்சி ஈரத் தடம் விட்டால் சுட்ட மண். இதற்கு மேல் ஒரு லேபிளும் படிக்க வேண்டாம்.

*தடவு:* அதே அடி வளையத்தில் விரலை ஓட்டுங்கள். உப்புக் காகிதம் மாதிரி சொரசொரத்தால் வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது மேல் கிண்ணத்தின் அடி, கீழ்க் கிண்ணத்தின் உள்பூச்சைச் சுரண்டும். பிறகு உள்பக்கம் தடவுங்கள். குண்டூசித் துளை, கொப்புளம் இருந்தால் தள்ளி வையுங்கள்.

*ஆட்டு:* கடையின் கண்ணாடி மேஜைமேல் வைத்து விளிம்பை நாலு பக்கமும் அமுக்குங்கள். தாளம் போட்டால், சூளையில் கோணிவிட்டது என்று அர்த்தம். உங்கள் வீட்டு மேஜையிலும் தாளம் போடும்.

விளிம்புதான் உயிர்

அண்ணாச்சி இரண்டு கிண்ணத்தை எடுத்து வைத்தார். ஒன்று, பூ விரிந்த மாதிரி விளிம்பு வெளியே மடங்கி, காகிதம் போல மெல்லிசாக இருந்தது. இன்னொன்று, விளிம்பு உருண்டையாக, சின்ன விரல் கனத்துக்கு.

"எது அழகு?"

முதலாவதைக் காட்டினேன்.

"அது ஷோகேஸுக்கு. பீங்கான் நடுவுல உடையறது கம்மி தம்பி. முதல்ல விளிம்புதான் மூளியாகும். மூளியான எடத்துலேருந்து கீறல் இறங்கும். ஒரு நாள் சுடுதண்ணி ஊத்துவீங்க, ரெண்டாப் போயிரும். இந்த உருட்டு விளிம்பு இருக்கே... ஓட்டல்ல ஒரு நாளைக்கு நாப்பது தடவை கழுவறான். தாங்குது."

அப்போதுதான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அண்ணாச்சி ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய், வேறு ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்தார். வெள்ளை. அகலமான அடி. கையில் வாங்கினால் நல்ல கனம். சுவர் சரிவாக இல்லாமல் நேராக எழும்பியிருந்தது.

"அடி அகலமா இருந்தா இடிச்சாலும் கவிழாது. கனமா இருந்தா மேஜை மேல நிக்கும். சுவர் நேரா இருக்கறதால ஸ்பூனால சோத்தை அதுல அணைச்சு எடுக்கலாம். வழிஞ்சு ஓடாது. எங்க அம்மாவுக்கு இதுதான் வச்சிருந்தேன்."

"ரெண்டு பக்கம் காது வச்ச கிண்ணம் இருக்கே அண்ணாச்சி? பிடிச்சுக்க வசதியா..."

"அதை அப்பாவுக்கு மட்டும் வாங்குவீங்களா, எல்லாருக்கும் வாங்குவீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை.

"தனியா ஒண்ணு வாங்காதீங்க தம்பி. அப்புறம் அதுவும் நீலக் கிண்ணம்தான்."

பூ வேண்டாமே!

வெறும் வெள்ளையா? என் மனைவிக்குப் பூ போட்டால் பிடிக்குமே? அண்ணாச்சி அதற்கும் பாடம் வைத்திருந்தார்.

பூவை இரண்டு விதமாகப் போடுவார்கள். பூச்சுக்கு அடியில் போட்டால் கண்ணாடிக்குள் இருக்கும் படம் மாதிரி. தடவினால் தெரியாது, அழியாது. பூச்சுக்கு மேலே ஒட்டிச் சுட்டால் விரலில் தட்டுப்படும். தேய்க்கத் தேய்க்கப் போகும். அது போவது எங்கே? கொஞ்சம் சிங்க்கில், கொஞ்சம் நம் வயிற்றில். மட்டமான பளீர் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு வர்ணங்களிலும், குறைந்த சூட்டில் சுட்ட மேல்பூச்சிலும் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும். புளிப்பு பட்டால் அது கரைந்து இறங்கும். நம் வீட்டில் புளிப்பில்லாத ஐட்டம் எது? ரசம், புளிக்குழம்பு, எலுமிச்சை சாதம், மோர்! ஆகவே சாப்பாடு படுகிற உள்பக்கம் சுத்த வெள்ளை. பூ ஆசை இருந்தால் வெளிப்பக்கத்தோடு சரி.

தங்கக் கோடு? மைக்ரோவேவில் வைத்தால் சின்ன தீபாவளி. வேண்டாம்.

வெள்ளையில் இன்னொரு லாபம். ஒன்று உடைந்தால் அதே அளவில் இன்னொன்று வாங்கிச் சேர்க்கலாம். பூ போட்ட செட்டில் ஒன்று போனால், அடுத்த வருஷம் அந்தப் பூவே பூக்காது.

எலும்பு விவகாரம்

"போன் சைனான்னு ஒண்ணு இருக்காமே, ரொம்பக் கெட்டியாமே?" என்று கேட்டேன். டெலிபோனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போன் என்றால் எலும்பு! பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் இங்கிலாந்தில் பக்குவப்பட்ட முறை. மாட்டு எலும்பைச் சுட்ட சாம்பலைக் களிமண்ணோடு கலப்பார்கள். பழைய பக்குவத்தில் ஏறக்குறைய பாதி, எலும்புச் சாம்பல்தான். மெல்லிசாக இருந்தாலும் நல்ல பலம், பால் மாதிரி வெண்மை. ஆனால், சுத்த சைவக் குடும்பங்களில் இதை வாங்கிக்கொண்டு போய், யாராவது விவரம் தெரிந்த மாமா வந்து விளக்கம் சொன்னால், அன்றைக்கு வீட்டில் உடைவது கிண்ணமாக மட்டும் இருக்காது! சாதாரணப் பீங்கானில் எலும்பு கிடையாது. கேட்டு வாங்குங்கள்.

பி.காம். கணக்கு

விலை? கிண்ணம் ஒன்று 190 ரூபாய். எனக்கு 'திக்'கென்றது. 360-க்கு ஆறு வாங்கிய கை அல்லவா!

ஆனால், படித்த படிப்பு எதற்கு இருக்கிறது? தேய்மானக் கணக்குப் போட்டேன். பழைய கிண்ணம் அறுபது ரூபாய். சராசரியாக நாலு மாசம் வந்தது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தினம் இரண்டு தடவை வீதம் 240 தடவை. ஒரு தடவைக்கு 25 காசு. புதுசு 190 ரூபாய். ஐந்து வருஷம் வந்தால் 3,650 தடவை. ஒரு தடவைக்கு ஐந்து காசு! எது சார் மலிவு?

வீட்டில் நாலு பேர். எட்டு கிண்ணம் வாங்கினேன். 1,520 ரூபாய். அண்ணாச்சி இருபது ரூபாயைக் குறைத்துக்கொண்டு, எட்டையும் வைக்கோல் வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு...

வாங்குவது பாதி, வைத்துக்கொள்வது பாதி. அண்ணாச்சி சொன்னதும் நான் பட்டதுமாகச் சில:

* கிண்ணங்கள் பெரும்பாலும் சாப்பாட்டு மேஜையில் சாவதில்லை. சிங்க்கில்தான் சாகின்றன. குழாய் மூக்கில் இடித்துத்தான் விளிம்பு போகும். சிங்க் அடியில் ஒரு ரப்பர் விரிப்போ, பழைய துண்டோ போடுங்கள். குக்கர், கரண்டியோடு சேர்த்துப் போடாதீர்கள்.

* ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கொதிக்கிற ரசத்தை ஊற்றாதீர்கள். நேரடியாகக் கேஸ் அடுப்பில் வைக்கவே கூடாது.

* மைக்ரோவேவுக்கு ஏற்றதா என்று பார்க்க: காலிக் கிண்ணத்தையும், பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிஷம் ஓட விடுங்கள். தண்ணீர் சுட்டு, கிண்ணம் சுடாமல் இருந்தால் சரி. கிண்ணமே கொதித்தால் வேண்டாம்.

* உள்ளே சாம்பல் நிறக் கோடு விழுந்தால் கீறல் என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது எவர்சில்வர் ஸ்பூன் விட்டுப்போன தடம். சமையல் சோடாவை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.

* கழுவிய கிண்ணத்தை அடுக்கின் மேலேயே வைத்தால், மறுநாளும் கைக்கு அதுவேதான் வரும். மேலே இருக்கும் இரண்டு மட்டும் உழைத்து ஓடாகும், அடியில் இருப்பது பென்ஷன் வாங்கும். கழுவியதை அடியில் வையுங்கள். காமர்ஸ் படித்தவர்களுக்குப் புரியும்: 'முதலில் வந்தது முதலில் போகும்' முறை!

* உடைந்தால் பெரிய துண்டுகளைக் கையுறையோடு எடுத்துவிட்டு, பொடியைச் சப்பாத்தி மாவு உருண்டையால் ஒற்றி எடுங்கள். துண்டுகளைக் கனமான காகிதத்தில் சுற்றி, தனியாகக் கொடுங்கள். குப்பை எடுக்க வருகிறவருக்கும் விரல் இருக்கிறது.

* மூளியான கிண்ணத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்பாள் பாட்டி. உதடு கிழியும், அழுக்கு தங்கும். பாட்டி சொன்னதே சரி.

அன்றைக்கு ராத்திரி

ஏழு மணி. அப்பா வழக்கம்போலச் சமையலறைக்கு வந்தார். அலமாரியைத் தேடினார்.

"அந்த நீலக் கிண்ணம் எங்கேம்மா?"

"அது துளசிக்குத் தண்ணி ஊத்த எடுத்துட்டேன் மாமா" என்றாள் என் மனைவி, முகத்தைத் திருப்பாமலே. "இன்னும் ரசம் கொதிக்கலே. எட்டரைக்கு எல்லாரும் சேர்ந்தே சாப்பிடலாம்."

நான் சொல்லிக் கொடுக்கவில்லை சார். அவளாகவேதான்.

எட்டரைக்கு நாலு பேர், நாலு வெள்ளைக் கிண்ணம். அப்பா இரண்டு கையாலும் கிண்ணத்தை அணைத்துப் பிடித்தார். ஸ்பூன் நடுங்கி விளிம்பில் 'டக்டக்'கென்று தட்டியது. கிண்ணம் நகரவில்லை. நாலு வாய் போனதும் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். 'ணங்ங்...'

"எவ்வளவுடா?"

"நூத்துத் தொண்ணூறுப்பா."

"நாலு பேர்தானே இருக்கோம். அலமாரியில இன்னும் நாலு இருக்கே?"

சொல்லத் தயக்கமாக இருந்தது. உடையும், உடைந்தால் என்ன, அதற்குத்தான் என்று எப்படிச் சொல்வது?

"அது... ரிசர்வுப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "ரிசர்வ் இல்லாம எந்த நிர்வாகமும் நடக்காது" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

மூன்று மாசம் ஆகிறது. இதுவரை அப்பா கையிலிருந்து இரண்டு தடவை நழுவியிருக்கிறது. இரண்டும் மேஜை உயரத்துக்குள். ஒன்றும் ஆகவில்லை.

போன வியாழக்கிழமை, தோளில் செல்போனை இடுக்கிக்கொண்டு மேனேஜரிடம் 'யெஸ் சார்' சொன்னபடியே நான் பாத்திரம் கழுவினேன். குழாய் மூக்கு...

'ச்சலங்!'

வீட்டில் இரண்டு விநாடி மௌனம். பிறகு ஹாலிலிருந்து குரல் வந்தது. அப்பாவுடையது.

"ஒண்ணுமில்லே... கிண்ணம்தானே? தேய்மானத்துல எழுதிடு!"

எழுதிவிட்டேன். கையிருப்பு: ஏழு.